நாய்க்குட்டியும் நாட்காட்டியும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், நெய்வேலி நகரியத்துச் சாலைகளில் ஒரு காட்சியைக் காணலாம். சாலையோரச் சிறு பாலத்தின் அடியிலோ, வேலியருகே கிடக்கும் சருகுக் குவியலிலோ, தெரு நாய் ஒன்று நான்கைந்து குட்டிகளை ஈன்றிருக்கும். பள்ளி விட்டு மிதிவண்டியில் திரும்பும் பிள்ளைகள் அங்கே இறங்கி நிற்பார்கள். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று வெள்ளையில் கருந்திட்டு. அன்றிரவே ஏதோ ஒரு வட்டத்தில், ஏதோ ஒரு வீட்டில், "அம்மா, இதை நாம் வளர்க்கலாமா?" என்ற கேள்வி எழும்.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம். "வளர்க்கலாம்" என்று உடனே சொல்லிவிடுவது எளிது. "கூடவே கூடாது" என்று கதவைச் சாத்திவிடுவதும் எளிது. இரண்டும் உணர்ச்சியின் சொற்களே அன்றி, ஆராய்ந்த விடைகள் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வதே விடை. ஆகவே, இன்று நாம் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நாய்க்குட்டியைப் பார்ப்போம்.

முதலில், இந்தக் குட்டி யார் என்று தெரிந்துகொள்வோம். இதற்குச் சாதிப்பெயர் கிடையாது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டில் பெயர் பெற்ற நாயினங்கள் உண்டு. இராசபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டு அஞ்சல் தலை வெளியிட்டே சிறப்புச் செய்தார்கள். பாலத்தடியில் கிடக்கும் குட்டியோ, பல தலைமுறைகள் கலந்து பிறந்த கலப்பினக் குட்டி. நகரியம் எழுவதற்கு முன் இங்கிருந்த சிற்றூர்களின் நாய்களும், பின்னர்க் குடியேறிய குடும்பங்கள் கொண்டுவந்த நாய்களும் அதன் முன்னோர்களாக இருக்கலாம். "சாதி நாய் அன்று" என்று சிலர் அதனை இகழ்வர்.

அந்த இகழ்ச்சி பொருளற்றது என்பதற்கு நெய்வேலியைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? 1930களில் சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுதான் பழுப்பு நிலக்கரி. நிலக்கரி வகைகளைத் தரம் பிரித்தால் இது கீழ்வரிசையில்தான் நிற்கும், ஈரம் மிகுந்தது, வெப்ப ஆற்றல் குறைந்தது. ஆயினும் 1956இல் இதற்கென ஒரு நிறுவனம் அமைந்தது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் எட்டப்பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது. தரவரிசையில் தாழ்ந்தது என்று ஒதுக்காமல், அதன் இயல்பை அறிந்து பயன்கொண்டதனால் வந்த ஒளி அது. உயிர்களிடத்தும் இந்த அறிவு நமக்கு வேண்டாமா?

நாய்களைப் பற்றி விஞ்ஞானமும் நிதானமாகவே பேசுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள், 27,000க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட மரபுவழிக் கோளாறுகள் 24. அவற்றுள் 10 கோளாறுகள் தூய இன நாய்களிடம் மிகுதியாக இருந்தன. ஒன்று மட்டும் கலப்பின நாய்களிடம் மிகுதியாக இருந்தது. ஏனைய 13இல் வேறுபாடு இல்லை. ஆகவே, "கலப்பின நாய்க்கு நோயே வராது" என்பதும் தவறு. "இனம் இல்லாத நாய் எதற்கும் உதவாது" என்பதும் தவறு. அதுவும் ஒரு நாய், அவ்வளவுதான்.

நெய்வேலியில் மண்வெட்டும் பணி தொடங்கிய அதே 1957ஆம் ஆண்டு, நவம்பர் 3ஆம் நாள், சோவியத் நாடு ஸ்புட்னிக் இரண்டு என்ற விண்கலத்தைச் செலுத்தியது. அதில் ஏறிச் சென்ற உயிர், மாஸ்கோ நகரத் தெருவில் திரிந்த கலப்பின நாய் லைக்கா. பசியையும் குளிரையும் தாங்கிப் பழகிய உடல் என்பதனாலேயே தெருநாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். லைக்கா திரும்பி வரவில்லை. திரும்பி வருவதற்கான ஏற்பாடே அந்தக் கலத்தில் இல்லை. கலம் மேலே சென்ற சில மணி நேரத்திலேயே வெப்பம் மிகுந்து அது இறந்துவிட்டது என்ற உண்மை 2002இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெல்கா, ஸ்டிரெல்கா என்னும் இரு நாய்கள் விண்வெளி சென்று உயிரோடு மீண்டன. அவையும் கலப்பினமே. பின்னர் ஸ்டிரெல்கா ஈன்ற குட்டிகளுள் புஷிங்கா என்பதனை, 1961இல் குருசேவ் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் குடும்பத்துக்குப் பரிசாக அனுப்பினார். அந்தத் தெருநாயின் மகள் வெள்ளை மாளிகையில் நான்கு குட்டிகளை ஈன்றது. பிறந்த இடத்தைக் கொண்டு எந்த உயிரையும் அளந்துவிட முடியாது என்பதற்கு இந்த வரலாறு போதும்.

இனி, நாட்காட்டியைத் திறப்போம். நாம் பார்க்கவேண்டிய நாட்காட்டிகள் மூன்று.

முதலாவது, குட்டியின் நாட்காட்டி. இது வாரங்களால் ஆனது. பிறந்த குட்டிக்குக் கண் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் செவி கேட்கத் தொடங்கும், பாற்பற்கள் முளைக்கும். அதன் பிறகு உடன்பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும். அந்த விளையாட்டு வீண் விளையாட்டு அன்று. ஒரு குட்டி இன்னொன்றை அழுந்தக் கடித்தால் அது வீறிட்டு விலகும், ஆட்டம் நின்றுவிடும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்னும் அளவை நாய் கற்றுக்கொள்வது இப்பள்ளியில்தான். ஆகவே எட்டு வாரம் நிறையும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. குட்டி மிகச் சிறியதாக இருக்கும்போதே எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்று நினைப்பது பிழை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திய குட்டியே பின்னாளில் கை கடிக்கும் நாய் ஆகிறது.

மறுபுறம், மிகவும் காலம் தாழ்த்துவதும் தவறு. அமெரிக்காவில் மெயின் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற இரு அறிஞர்கள் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1965இல் ஒரு பெருநூல் வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி பிறரோடு உறவு கொள்ளக் கற்கும் காலம் என்று அவர்கள் கண்டனர். பதினான்கு வாரம் வரை மனிதரையே காணாது வளர்ந்த குட்டிகள், பிறகு மனிதரைக் கண்டாலே அஞ்சி ஓடும் காட்டு விலங்குகள் போல ஆயின என்பதும் அங்கே 1961இல் வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவு.

எட்டாம் வாரம் வரை தாயிடம் இருக்கவேண்டும். பன்னிரண்டாம் வாரத்துக்குள் உலகம் அறிமுகம் ஆகவேண்டும். இடையில் இருப்பவை நான்கே வாரங்கள்! அந்த நான்கு வாரங்களில் மிதிவண்டி மணியும், குக்கரின் சீழ்க்கையும், தாத்தாவின் கைத்தடியும், அஞ்சல்காரரின் சீருடையும், மழலையின் ஓட்டமும் அதற்கு அச்சமின்றி அறிமுகமாதல் வேண்டும்.

இங்கே ஓர் இடர் உண்டு. குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோயும், டிஸ்டெம்பர் என்ற நோயும் இதே பருவத்தில்தான் தாக்குகின்றன. இவற்றுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டாம் வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறையாகப் பதினாறாம் வாரம் வரை போடப்பட வேண்டும். அதுவரை மற்ற நாய்கள் திரியும் மண்ணில் குட்டியை இறக்கிவிடலாகாது. உலகத்தைக் காட்டவும் வேண்டும். மண்ணில் விடவும் கூடாது. எப்படி? கையில் ஏந்திச் சென்று காட்டுங்கள். வாசற்படியில் மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்க்கச் செய்யுங்கள். அறிவுடைய அன்பு இரண்டையும் பொருத்திக்கொள்ளும்.

இரண்டாவது, வீட்டின் நாட்காட்டி. இது மணிகளால் ஆனது. நெய்வேலியில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக இயங்குபவை. முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று தந்தையோ தாயோ மாறி மாறிப் பணிக்குச் செல்வர். பிள்ளைகளுக்குப் பள்ளி, தனி வகுப்பு, விளையாட்டுத் திடல். சுறுசுறுப்பான இல்லம்; மகிழ்ச்சியான இல்லம். அந்த இல்லத்தில் குட்டிக்கு வேளை தவறாமல் உணவிடுவோர் யார்?

இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக உணவு வேண்டும். வெறும் பால்சோறு போதாது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கையே தரும். முட்டை, வேகவைத்த இறைச்சி போன்ற புரத உணவு வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லெட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். உறங்கி எழுந்தவுடனும், உண்டவுடனும், விளையாடி முடித்தவுடனும் குட்டியைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும். அங்கே காரியம் முடித்தால் பாராட்டவேண்டும். வீட்டுக்குள் நனைத்துவிட்டதற்காக அடிப்பதும், மூக்கைத் தரையில் தேய்ப்பதும் பயனற்ற கொடுமை. செய்ததற்கும் அடிக்கும் உள்ள தொடர்பு குட்டிக்கு விளங்காது. அடித்த கையைக் கண்டு அஞ்சுவது மட்டுமே அது கற்கும் பாடம்.

பிள்ளைகள் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. குட்டி ஒரு நாளில் பெரும்பகுதி உறங்கவேண்டிய உயிர். ஓடியாடும் குடும்பத்தில் ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் விளையாட அழைப்பார். குட்டிக்கு மட்டும் ஓய்வே இராது. உறங்கும் குட்டியையும் உண்ணும் குட்டியையும் தொடாதே என்பது அந்த வீட்டின் முதல் சட்டமாக இருக்கட்டும். சிறு குழந்தையையும் குட்டியையும் பெரியவர் இல்லாமல் தனியே விடாதே என்பது இரண்டாம் சட்டம். எலும்பு முற்ற ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதுவரை மிதிவண்டியின் பின்னால் கட்டி ஓட்டாதே என்பது மூன்றாம் சட்டம். சித்திரை, வைகாசி வெயிலில் தார்ச்சாலை எப்படிக் கொதிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். புறங்கையை அதன்மேல் சில நொடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காத சாலையை அதன் பாதம் மட்டும் எப்படிப் பொறுக்கும்?

வெறிநாய்க்கடி பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. இந்நோய் முற்றித் தோன்றியபின் மருந்து இல்லை. தோன்றாமல் தடுக்க முடியும். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலில் ஊசி போட்டுக் காப்பாற்றினார். நம் நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907இல் தோன்றியது இப்பணிக்காகவே. இத்தனைக்குப் பிறகும் உலகில் ஆண்டுதோறும் பல்லாயிரவர் இந்நோயால் இறக்கின்றனர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பிள்ளைகளும் பலர். ஆகவே வீட்டுக்குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசி. எந்த நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், வீட்டில் திட்டுவார்கள் என்று அஞ்சி மறைக்காதீர்கள். உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் உயிர் காக்கா.

மூன்றாவது நாட்காட்டியே பெரியது. அது ஆண்டுகளால் ஆனது. நன்கு பேணப்பட்ட நாய் பன்னிரண்டு ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் வாழும். ஏழாம் வகுப்பில் படிக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இன்று குட்டியை எடுக்கிறான் என்று கொள்வோம். அவன் பள்ளிப் படிப்பை முடித்து வெளியூர்க் கல்லூரிக்குப் புறப்படும்போது நாய்க்கு வயது ஐந்து. அவன் பட்டம் பெறும்போது அதற்கு ஒன்பது. அவன் வேலை தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போன பின்னர்தான் அதற்குக் கண் மங்கும்; கால் தளரும். அப்போது அதன் அருகில் இருப்பவர் யார்? பெரும்பாலும் தாய். குட்டியைக் கொண்டுவருபவர் பிள்ளை; நாயைக் காப்பவர் தாய் என்பது பல இல்லங்களின் வரலாறு. ஆகவே இன்று அந்தத் தாயின் சம்மதத்தைக் கேளாமல் குட்டியை எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

நெய்வேலி போன்ற ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நகரியத்து வீடு பணிக்காலத்து வீடு. தந்தை பணி ஓய்வு பெறும் நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடலூருக்கோ விருத்தாசலத்துக்கோ சென்னை அடுக்ககத்துக்கோ செல்லவேண்டும். கட்டில் வண்டியில் ஏறும், பீரோ ஏறும், துளசி மாடத்துத் தொட்டியும் ஏறும். நாய் ஏறுமா? "அடுக்ககத்தில் இடமில்லை, அது இங்கேயே பழகியது, யாராவது சோறு போடுவார்கள்" என்ற மூன்று சொற்றொடர்களில் பத்தாண்டு உறவு முடிந்துவிடக் கூடும். ஓய்வு, இடமாற்றம், குத்தகை என்பவை நாய்க்குத் தெரியாத சொற்கள். வீட்டார் வெளியே போயிருக்கிறார்கள். மாலையில் வந்துவிடுவார்கள் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பூட்டிய வாயிலின் முன் அது காத்துக் கிடக்கும். வீட்டுச் சோறு உண்டு வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடவும் தெரியாது. தெரு நாய்கள் அதைச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டா.

இது இரக்கமின்மை மட்டும் அன்று, குற்றமும் ஆகும். கலைத்துறையில் புகழ்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபின், விலங்குகளின் துன்பத்தைத் துடைக்கச் சட்டம் வேண்டும் என்று அங்கே வாதாடினார். அதன் பயனாகவே 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். எப்போதும் கட்டியே வைத்து, நாயை உலாவ விடாதிருப்பதும் குற்றம்.

இன்னும் ஒன்று. பாலத்தடிக் குட்டிகளுள் ஆண் குட்டிகளையே தேடி எடுத்துச் செல்வார்கள்; பெண் குட்டிகள் மழையிலும் வெயிலிலும் கிடக்கும். பெண் நாய் குட்டி போடும் என்பதே அவற்றின் குற்றம்! உரிய பருவத்தில் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்தக் கவலை ஒழியும். ஆண் நாய்க்கும் அது செய்யத்தக்கதே. 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதலே இவ்வழியைக் கையாண்டது. கருத்தடையும் தடுப்பூசியுமே தெருநாய்ப் பெருக்கத்தைக் குறைக்கும் நெறி என்பதை 2001இலும் 2023இலும் வந்த மத்திய அரசு விதிகள் ஏற்றுக்கொண்டன.

நாயை நன்றிக்கு இலக்கணமாகச் சொல்கிறோம். நாய் மனிதனுக்குக் காட்டிய நன்றி பேசப்படுகிறது. மனிதன் நாய்க்குக் காட்டிய நன்றி எங்கே? அதற்கும் தமிழ் மண்ணில் சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறு மீட்ட போரில் பட்ட வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியும் அந்தக் கல்லில் எழுதப்பட்டுள்ளது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரார், தலைவனைவிட்டு நீங்காத நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதன் இனம் என்ன என்று அந்தக் கல் சொல்லவில்லை. அது செய்ததையே சொல்கிறது. பாரதக் கதையில் தருமபுத்திரனும், வழித்துணையாக வந்த நாயை விட்டுவிட்டால்தான் சுவர்க்கம் கிடைக்கும் என்றால், அந்தச் சுவர்க்கம் தனக்கு வேண்டாம் என்றே சொன்னான்.

ஆகவே, மாணவ நண்பர்களே, குட்டியைத் தூக்கும் முன் வீட்டார் அனைவரும் ஒருநாள் இரவு உணவுக்குப் பின் உட்கார்ந்து பேசுங்கள். காலையில் உணவிடுபவர் யார், ஊசிக்கு அழைத்துச் செல்பவர் யார், இரவு ஷிப்டு நாளில் கவனிப்பவர் யார், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பார்ப்பவர் யார், பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அது எங்கே இருக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு பெயர் நிரம்பினால், எட்டு வாரம் நிறைந்த குட்டியை, பெண் குட்டியே ஆயினும், மகிழ்ச்சியோடு எடுத்து வாருங்கள். ஓரிடம் வெறுமையாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அதற்காக வருந்தவும் வேண்டா. தாய் நாய்க்குச் சோறும் நீரும் வைக்கலாம்; பெரியவர் துணையோடு ஊசிக்கும் கருத்தடைக்கும் ஏற்பாடு செய்யலாம்; நாட்காட்டி இடங்கொடுக்கும் வேறொரு வீட்டைக் குட்டிக்குத் தேடித் தரலாம். அதுவும் அன்புதான். எடுத்தபின் கைவிடுவதைவிட எடுக்காமல் உதவுவது ஆயிரம் மடங்கு மேலானது.